கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தை

படம் முடிந்ததும் மாமா செய்கிற முதல் வேலை, அதில் செத்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தேடுவார். காட்டுக்குள் இழுத்துப் போகப்பட்ட தாடிக்காரன் மறு வருஷமே ஒரு பற்பசை விளம்பரத்தில் சிரித்திருப்பான். நிலவறையில் கத்தி ஓய்ந்த பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். "இந்தா, இருக்கா. நல்லா பூசுனாப்ல ஆயிட்டா" என்பார். அதற்கப்புறம்தான் டீவி அணையும். இதற்கென்று ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறார். படத்தின் பெயர், செத்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு டிக். தகவல் கிடைக்காத ஆளுக்குக் கேள்விக்குறி. கேள்விக்குறி விழுந்தவர்களை வாரக்கணக்கில் விடாமல் தேடுவார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஐம்பத்து மூன்று வயது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை, எப்போதும் பாதி தூக்கத்தில் எழுப்பிவிட்டது போன்ற முகம். சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி பத்திரிகையில் கேட்டபோது நான் ஊரெல்லாம் ஆள் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் அக்கா வீட்டு சோபாவுக்கே வந்து சேர்ந்தேன். "என்னைப் பத்தியா? எழுதிக்கோ மச்சான். பேரை மட்டும் போட்டுடாத. எங்க டிரைவருங்க என் மேலயே வண்டிய ஏத்திடுவாங்க" என்றார். அவர் ஒரு பஸ் கம்பெனியில் கேமராப் பதிவுகளைப் பார்ப்பவர். டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப் பெயர் 'ரிவைண்ட் சார்'.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் வேலை பகல் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குச் சாப்பாடு. நான்கு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படம். அக்கா அதே அறையில் டீவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடிப்பாள். "ஊரே வெயில்ல வதங்கிக்கிட்டு கெடக்கு. பேயைப் பட்டப்பகல்ல கூப்பிட்டு வெச்சுப் பாக்கற ஒரே ஆளு உங்க மாமாதான். எவனாச்சும் கத்தப் போறான்னா முன்னாடியே சொல்லிடுங்க, காதைப் பொத்திக்கறேன்." அவரும் சொல்வார். "இப்ப கத்துவான்" என்பார். அவனும் கத்துவான். போர்வை மடிக்கிற முறை வரும்போது மட்டும் படம் நிற்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, நடுவில் சந்தித்து மடித்துவிட்டு அவர் மறுபடி காட்டுக்குள் போய்விடுவார்.

எல்லாப் பேய்ப் படமும் அவருக்கு ஆகாது. அவர் பார்ப்பது ஒரே ஒரு ஜாதி. யாரோ எடுத்துக்கொண்டே போய், எடுத்தவர்கள் காணாமல் போய், பிறகு கேமரா மட்டும் கிடைத்தது என்ற பாவனையில் வருகிற படங்கள். கை ஆடும். பாதி நேரம் தரையும் செருப்பும்தான் தெரியும். இவற்றை அவர் 'கெடைச்ச படம்' என்கிறார். அதற்குள்ளேயே வகை பிரித்து வைத்திருக்கிறார். ஆள் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டிலும் பாழடைந்த ஆஸ்பத்திரியிலும் ஓடினால் அது 'ஓட்டப் படம்'. வீட்டுக் கூரையில் கேமராவை மாட்டிவிட்டுக் கதவு தானாகத் திறக்கிறதா என்று காத்திருந்தால் 'மாட்டி வெச்ச படம்'. அக்கம்பக்கத்தார், போலீஸ்காரர், டாக்டர் என்று வரிசையாக உட்காரவைத்துப் பேச வைத்தால் 'பேட்டிப் படம்'. ஒரே கம்ப்யூட்டர் திரையில் நாலு பேர் நாலு சதுரத்தில் பேசிக்கொண்டிருக்க, ஒவ்வொரு சதுரமாக இருட்டினால் 'சதுரப் படம்'. செத்துப் போனவர் வீட்டுப் பரணில் பழைய டேப் கிடைத்து, அதைப் போட்டுப் பார்க்கிறவனுக்கும் பிடித்துக்கொண்டால் 'பரண் படம்'. பேட்டிப் படம் தூக்கத்துக்கு நல்லது என்பார். மாட்டி வைத்த படம்தான் ஒசத்தி.

"அதுல என்ன மாமா இருக்கு? அரை மணி நேரமா ஒரு காலி ஹாலைக் காட்டறான்."

"காலியா இருக்குன்னு யார் சொன்னா? நீ நடுவுல பாக்கற. ஓரத்தைப் பாரு. அந்த நாற்காலி போன தடவை அங்கயா இருந்துச்சு?"

நாற்காலி அங்கேதான் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டபிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்த அரை மணி நேரம் நானும் கண்ணைக் கொட்டாமல் ஒரு மர நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் படங்களின் வித்தை இவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். மற்ற படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களே காட்டிவிடுவார்கள். இதில் பார்க்கிற வேலையை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். சம்பளம் இல்லாமல் அந்த வேலையைச் செய்யப் பலருக்கு ஆசை இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்துவிட்டு வந்து, வீட்டிலும் செய்கிறவர் மாமா ஒருவர்தான்.

அவருக்குக் கோபம் வருவது இரண்டு விஷயத்தில். ஒன்று, பின்னணி இசை. "காட்டுக்குள்ள மூணு பேர்தான் போனாங்க. மூணு பேரும் செத்துட்டாங்க. அப்ப வயலின் வாசிச்சது எவன்?" என்று டீவியைப் பார்த்துக் கேட்பார். இரண்டு, எல்லாரும் வழக்கமாகக் கேட்கும் அந்தக் கேள்வி. நானும் கேட்டுத் தொலைத்தேன். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடக் கூடாதா என்று.

"நீ ஆக்சிடென்ட் பாத்திருக்கியா?" என்றார். "நேர்ல இல்ல, வீடியோவுல. மோதப் போகுதுன்னு தெரியும். அப்பக்கூட கை ஹாரனைத்தான் அமுக்கும். ஒருத்தன் கடைசி வரைக்கும் வைப்பரைப் போட்டுக்கிட்டே இருந்தான், மழையே இல்ல. கைக்கு எது பழக்கமோ அதைத்தான் செய்யும் மச்சான். இவனுக்குக் கேமரா."

அவர் வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் பன்னிரண்டு திரைகள், அடியில் சக்கரம் வைத்த ஒரு ஆபீஸ் நாற்காலி, முதுகுக்கு வைத்துக்கொள்ள அக்கா கொடுத்தனுப்பிய பழைய தலையணை. கம்பெனிக்கு எழுபத்து நான்கு பஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு கேமரா. ஒன்று ரோட்டைப் பார்க்கும், மற்றது டிரைவரைப் பார்க்கும். இரண்டாவதில் டிரைவரின் தோளுக்கு மேலே, பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முகமும் தெரியும். எந்த டிரைவராவது சடக்கென்று பிரேக் போட்டால் இங்கே ஒரு மணி அடித்து, அந்தத் துண்டு வந்து விழும். அதைப் பார்த்துவிட்டுக் காரணம் எழுத வேண்டும். போன் பார்த்தார், கண் அசந்தார், நாய் குறுக்கே வந்தது, ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இருநூறு துண்டு வரும். பெரும்பாலும் நாய். எப்போதாவது நாயாக இருக்காது. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து அக்காவிடம், "இன்னிக்கு சோறு கொஞ்சமா போடு" என்று மட்டும் சொல்வார்.

"துண்டு மொத்தமே பத்து செகண்டுதான்" என்றார் ஒருமுறை. "அதுல ஒன்பது செகண்டு ஒண்ணுமே நடக்காது. ரோடு, மரம், ஒரு சைக்கிள். என்ன நடக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும், சைக்கிள்ல வர்றவனுக்குத் தெரியாது. அந்த ஒன்பது செகண்டைத்தான் பாக்க முடியாது."

பகலெல்லாம் இதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் இதே கண்ராவியா என்று அக்கா கேட்காத நாளில்லை. நான் ஒரு தடவைதான் கேட்டேன். அன்று அவருக்கு அசதி. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "அதே மாதிரிதான் இருக்கும். அதே ஆட்டம், அதே மங்கல், மூலையில அதே மாதிரி மணி ஓடும். ஆனா இதுல செத்தவன் எழுந்து மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிடுவான். அதை ஒரு தடவை பாத்துட்டாத்தான் எனக்கு அன்னிக்கு வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு." சற்று நேரம் கழித்து, "இன்னொண்ணும் இருக்கு" என்றார்.

இந்தப் படங்களில் அநேகமாக ஒரு கட்டம் வரும். எல்லாரும் போய்விட்டார்கள், ஒரே ஒருத்தர் பாக்கி. அவர் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, வீட்டில் இருப்பவர்களிடம் ஏதாவது சொல்வார். மன்னிப்புக் கேட்பார், பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பார், நாய்க்குச் சோறு வைக்கச் சொல்வார். மாமா அந்த இடம் வந்தால் முன்னுக்கு நகர்ந்து உட்காருவார். சத்தத்தைக் கூட்டுவார். திரும்பவும் போட்டுப் பார்ப்பார். "பதினோரு வருஷமா நிஜ கேமராவைப் பாக்கறேன் மச்சான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், கேமராவைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. இங்க ஒண்ணு மாட்டியிருக்குங்கற நினைப்பே யாருக்கும் வராது. படத்துலதான் சொல்லிட்டுப் போறாங்க."

இனி நான் எழுதப் போவதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, எழுது என்றார்.

இந்த வருஷம், மழை விட்டு வெளுத்த ஒரு காலை. பத்து மணி நாற்பத்தொன்றுக்கு மாமாவின் திரையில் ஒரு எச்சரிக்கை. நாற்பத்தேழாம் நம்பர் பஸ், ஸ்டாப் இல்லாத இடத்தில் ஓரமாக நிற்கிறது. டிரைவரின் கேமராவைத் திறந்தார். கம்பெனியிலேயே மூத்த டிரைவர் அவர். மடியில் இரண்டு கையையும் வைத்து, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இமை அசையவில்லை. நெட் போய்ப் படம் உறைந்து நிற்பது அந்த அறையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கிற விஷயம். மாமா மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். அதே படம். இன்னொரு தடவை மூடித் திறந்தார். அப்புறம் போனை எடுத்து ரிப்பேர் பிரிவுக்கு, "நாப்பத்தேழுல ரெண்டாவது கேமரா உறைஞ்சு போச்சுப்பா, பாரு" என்றார். எதிர்முனையில் தேடிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு நல்லாத்தானே சார் வருது" என்றார்கள்.

அப்போதுதான் அவர் திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே மணி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாற்பத்து மூன்று, பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. டிரைவரின் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து, என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தாள். உறைந்து போனது படம் இல்லை.

டிரைவருக்கு மாரடைப்பு. சிக்னல் விளக்கைப் போட்டு, பஸ்ஸை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். உள்ளே இருந்த முப்பத்தொரு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. பக்கத்திலேயே ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, அந்த நிமிஷமே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மாமா அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் எண்ணி வைத்திருப்பது வேறு. நான் எப்போது கேட்டாலும் ஒரே கணக்குத்தான்: ரெண்டு நிமிஷம், பத்து செகண்டு.

"ஓரத்தைப் பாரு ஓரத்தைப் பாருன்னு உனக்கெல்லாம் பாடம் நடத்துனேன்ல?" என்றார்.

அந்த வாரமே டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறைக்குப் போய், எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில் எதற்காக நிறுத்தினாலும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை கையை ஆட்ட வேண்டும். "ரிவைண்ட் சாருக்கு டாட்டா காட்டணுமாம்டோய்" என்று சிரித்தார்கள். ஆனாலும் செய்கிறார்கள். சிலர் மேடையில் நிற்கும் தலைவர் மாதிரி ஆட்டுவார்கள். ஒருத்தர் தினமும் முஷ்டியைக் காட்டுவார். மாமாவுக்கு எதுவானாலும் சரி, அசைந்தால் போதும்.

வீட்டில் மாட்டி வைத்த படங்கள் நின்றுபோயின. காலி ஹால் வந்தால் எழுந்து டீவிக்குப் பக்கத்தில் போய், மூலையில் மணி ஓடுகிறதா என்று பார்ப்பார். மணி இல்லாத படமாக இருந்தால் அணைத்துவிடுவார். அக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

டிரைவர் இறந்த இருபத்தாறாம் நாள் அவர் மனைவி பணிமனை வாசலில் வந்து நின்றார். டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு அடிபட்டிருக்கிறது. கடைசி நேரத்தில் அவர் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாராம் என்று. யார் கிளப்பிவிட்டதோ. ஆறுதலுக்குச் சொல்லியிருக்கலாம். அது அந்த அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. மாமா அன்று பின்பக்க கேட் வழியாக வெளியேறிவிட்டார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அந்த அம்மா பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துவிட்டார்.

"நான் வம்பு வழக்குக்கெல்லாம் வரலைங்க. என்னைப் பத்தி, பிள்ளையைப் பத்தி ஏதாவது சொன்னாரான்னு மட்டும் தெரிஞ்சா போதும். ஒரே ஒரு தடவை காட்டுங்க."

குடும்பத்தார் யாருக்கும் பதிவைக் காட்டக் கூடாது என்பது கம்பெனி விதி. கடைசிப் பத்து நிமிஷத்தைத் தனியாக வெட்டி எடுத்து மேனேஜர் பூட்டி வைத்துவிட்டார். ஆனால் அன்றைய மீதிப் பதிவு முழுவதும் மாமாவின் இயந்திரத்தில் இருந்தது. முப்பதாம் நாள் இயந்திரம் தானாகவே அழித்துவிடும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மூன்று நாள் பின்பக்க கேட் வழியாகப் போனால் போதும். அன்று மாலை எனக்குப் போன் வந்தது. "நாளன்னிக்கு ஒரு மணிக்கு ஆபீசுக்கு வர்றியா? மேனேஜர் சாப்பிடப் போற நேரம். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நில்லு. தனியா என்னால முடியாது."

இருபத்தொன்பதாம் நாள் ஒரு மணிக்கு அந்த ஜன்னலில்லாத அறையில் நாங்கள் மூன்று பேர். அந்த அம்மாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, தலையணையைச் சரிசெய்து கொடுத்தார் மாமா. நான் கதவோரம் நின்றேன். அவர் பதிவைத் திறக்கவில்லை. முதலில் பேசினார்.

"உங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும்மா. அவரு கேமராவைப் பாத்து எதுவும் சொல்லலை. யார் சொன்னாங்களோ, அது பொய். கடைசியா பேசினது படியில நின்ன ஒருத்தர்கிட்ட. உள்ள வாங்க, படியில நிக்காதீங்கன்னாரு. அவ்வளவுதான்."

அந்த அம்மா தலையாட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"ரெண்டாவது" என்றார் மாமா. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவே பாத்தேன். படம் உறைஞ்சு போச்சுன்னு நினைச்சிட்டேன். ரிப்பேருக்குப் போன் பண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. டாக்டர் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்கறாரு. இருந்தாலும் உங்ககிட்ட சொல்லாம இதைக் காட்ட முடியாதும்மா."

எனக்கு வெளியே போய்விடலாமா என்றிருந்தது. பன்னிரண்டு திரைகளிலும் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அம்மா வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வீட்லயும் அப்படித்தாங்க உக்காருவாரு" என்றார் கடைசியில். "வேலை முடிஞ்சு வந்தா சுவத்தைப் பாத்துக்கிட்டு அரை மணி நேரம் பொம்மை மாதிரி உக்காந்திருப்பாரு. நானே எத்தனையோ தடவை பயந்து போய் உலுக்கியிருக்கேன். என்னடி, உயிரோடதான் இருக்கேன்னு திட்டுவாரு. கட்டிக்கிட்ட எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கடைசியக் காட்ட மாட்டேம்மா. அது என்கிட்ட இருந்தாலும் காட்ட மாட்டேன். காலையக் காட்டறேன்" என்று அன்றைய விடியலைத் திறந்தார்.

ஐந்து ஐம்பது. டிரைவர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஒரு துணியால் சுற்றித் துடைக்கிறார். கண்ணாடியைத் திருப்பி வைக்கிறார். அதில் தன் மீசையையும் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா ஓட்டிவிட்டு எட்டு மணி இருபதுக்கு வந்து நிறுத்தினார். பஸ் கடைசி ஸ்டாப்பில் நிற்கிறது. டிரைவர் டிபன் டப்பாவைத் திறக்கிறார். உள்ளே என்ன இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் அதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பொறுக்கி டப்பா மூடியில் குவிக்கிறார். வெகு கவனமாக, ஒன்று விடாமல். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கீழே நின்ற யாரிடமோ மூடியைக் கொடுக்கிறார்.

"கேரட்டு" என்றார் அந்த அம்மா. "அது கேரட்டு! நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு இருபத்திரண்டு வருஷமா... கண்ணுக்கு நல்லதுன்னு எல்லாத்துலயும் அள்ளிப் போடுவேன். காலி டப்பாவைக் கொண்டு வந்து நீட்டுவாரு. அடப்பாவி மனுஷா!"

சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. திரும்பச் சிரிப்பு வந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார். மாமா போட்டார். மூன்றாம் தடவை அந்த அம்மா எழுந்து திரைக்குக் கிட்டே போய், குனிந்து, டிரைவர் துண்டு பொறுக்குகிற விரலைப் பார்த்தார். "மோதிரம் போட்டிருக்காரு" என்றார் மெதுவாக. "அவரு போட்டுக்கலைன்னு நான் சண்டை போட்டேன் அன்னிக்குக் காலையில."

கீழே இறங்கும்போது படிக்கட்டில் மேனேஜர் எதிரே வந்துவிட்டார். அந்த அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "நாளைக்கு என் ரூமுக்கு வாங்க" என்றார். "சரி சார்" என்றார் மாமா. மறுநாள் மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து வழக்கம் போலச் சாப்பிட்டிருக்கிறார். முப்பதாம் நாள் இயந்திரம் அந்த நாளை அழித்தது. மாமாவின் பட நோட்டில் அந்த டிரைவருக்குப் பக்கம் கிடையாது. நான் புரட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மாவுக்குப் பதிவைக் காட்டிய அன்று இரண்டு மணிக்கு மாமாவும் நானும் கம்பெனி பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கிளம்பினோம். பஸ் பாதி காலி. நான் காற்று வரும் ஜன்னலாகப் பார்த்து நடுவில் உட்காரப் போனேன். அவர் டிரைவருக்கு நேர் பின் சீட்டுக்குப் போனார். எவ்வளவு இடம் இருந்தாலும் அந்த சீட்டில்தான் உட்காருவார் என்பது எனக்குத் தெரியும். வேவு பார்க்க உட்காருகிறார் என்று டிரைவர்களுக்கு எரிச்சல். நானும் முன்னால் போய், அவருக்குப் பக்கவாட்டில் எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். வழி நெடுக அவர் தலை ஜன்னலில் முட்டி முட்டி விழித்துக்கொண்டது. எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்று அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டார். டிரைவரின் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் கறுப்புக் கேமராவை, கண்ணுக்குக் கண் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. பஸ் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

"...வந்துட்டேம்மா. அடுத்த ஸ்டாப்தான். உன் தம்பியும் கூட வர்றான், அரிசி கொஞ்சம் சேத்துப் போடு. போர்வையை மட்டும் மடிக்காம வை. நான் வந்து பிடிக்கறேன்."

பிறகு வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, கேமராவுக்குத் தெரியும்படி ஒரு தடவை ஆட்டினார்.